உண்ணாவிரதமா, விண்ணப்பமா?

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அந்தக் கதை எனக்கு உண்மையாகவே நேர்ந்தது. என் ஓணான் வேலியில் போகவில்லை. கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து, விளக்கு முதலிய சீர்வரிசையோடு வந்து சேர்ந்தது. அதுவும் நம் ஊர் ஓணான் அன்று, ஆஸ்திரேலிய தேசத்து ஓணான். கடைக்காரர்கள் 'பியர்டட் டிராகன்' என்பார்கள். கோபம் வந்தால் கழுத்துத் தோலை உப்ப வைத்துக் கறுப்புத் தாடி காட்டுவதால் அந்தப் பெயர். தமிழில் தாடி ஓணான் என்று வைத்துக்கொள்வோமே!

நண்பர்களே, துக்காராம் மகராஜின் தாய்வீட்டு ஊர் என்று இங்குள்ளோர் பெருமையாகச் சொல்லும் லோஹேகாவில், இரண்டு ஆண்டுகளாக நான் அந்தத் தாடிக்காரரோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரு கருத்தை நம் மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். உண்ண மறுக்கும் உயிரை 'அடம் பிடிக்கிறது' என்று ஏசுவது நமக்கு மிகச் சுலபமாக வருகிறது. நாம் அதற்குக் கொடுத்தது என்ன, கொடுக்காமல் விட்டது என்ன என்று எண்ணிப் பார்ப்பதோ அரிதாகவே வருகிறது. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. முதல் குற்றவாளியாக நானே கூண்டில் ஏறுகிறேன்.

எனக்கு மூத்த மாணவர் ஒருவர் படிப்பு முடிந்து வெளிநாடு புறப்பட்டார். போகிற போக்கில், "தம்பி, இவனைப் பார்த்துக்கொள். செலவே இல்லை. நாலு இலை, ரெண்டு புழு, அவ்வளவுதான்" என்று பெட்டியை என் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு விற்றவரும் அப்படியே சொல்லித்தான் விற்றாராம். நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் எங்கள் வீட்டில் ஐந்தாவது ஆளாக அது குடியேறியது. தாடியைக் கண்டு 'தாத்தா' என்று பெயர் வைத்தோம். மூக்கு முதல் வால் நுனி வரை ஒன்றரை அடி நீளம். சமையல் தராசில் நிறுத்தபோது 410 கிராம்.

முதல் மாதம் தாத்தா எங்களுக்குத் திருவிழா. காலையில் விளக்கு எரிந்ததும் கல்லின் மேல் ஏறி உடம்பைத் தட்டையாக விரித்துக் காய்வார். வயிறு காய்ந்த பிறகே சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பார். யாராவது நெருங்கினால் முன்னங்காலை ஒன்றை மெதுவாகத் தூக்கி வட்டமாக அசைப்பார். வணக்கம் சொல்கிறார் என்று நாங்கள் மகிழ்ந்துபோனோம். "நான் சிறியவன், என்னை ஒன்றும் செய்யாதே" என்று தன் இனத்தாரிடம் பணிந்து காட்டும் சைகை அது என்று பிறகு படித்தபோது, அந்த மகிழ்ச்சி கொஞ்சம் குறைந்தது. அவருடைய உச்சந்தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கிறது. அதுவும் ஒரு கண்தான். உருவங்களை அது காணாது. ஒளியையும் நிழலையும் உணரும். மேலிருந்து பருந்து இறங்குவதைத் தெரிந்துகொள்ள இயற்கை கொடுத்த காவல். நாங்களோ தினந்தோறும் மேலிருந்தே கையை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தோம்! அப்போதெல்லாம் தாடி கறுத்ததற்குக் காரணம் இப்போது விளங்குகிறது.

கார்த்திகை பிறந்தது. தாத்தா சாப்பிடுவதை நிறுத்தினார்.

அன்று தொடங்கிய வைபவத்தை என்னவென்று சொல்வேன்! தள்ளுவண்டிக் காய்கறி மாவ்ஷியிடம் நான் வாங்காத கீரை இல்லை. மேத்தி என்னும் வெந்தயக்கீரை, சேபு என்னும் சதகுப்பை, அம்பாடி என்னும் நம் புளிச்சகீரை, பாலக், முள்ளங்கி இலை என ஐந்து கட்டு வாங்கினேன். "இத்தனையும் யாருக்கு, பாளா?" என்று மாவ்ஷி கேட்டார். "வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார், பல் இல்லை" என்றேன். பொய்தான், தாத்தாவுக்குப் பல் உண்டு. அன்று முதல் அந்தப் புண்ணியவதி முற்றாத இளங்கொத்தாகப் பொறுக்கிக் கொடுத்தார். தாத்தா இளங்கொத்தையும் மோந்துகூடப் பார்க்கவில்லை.

பூச்சி வகையில் அதைவிடப் பெரிய கூத்து. பறவைத் தீனிக் கடையில் மாவுப்புழு கிடைக்கும். கோதுமைத் தவிட்டில் வைத்து, ஒரு துண்டு கேரட் போட்டு, குளிர்ப்பெட்டியில் வைத்தால் நாள்பட இருக்கும். நானும் டப்பாவின் மேல் ஒழுங்காகப் பெயர் எழுதி ஒட்டினேன். சீட்டின் பாதி கிழிந்து 'மாவு' என்பது மட்டும் எஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை வார்க்க எழுந்த அறை நண்பர் அந்த டப்பாவைத் திறந்தார். அடுத்த ஒரு வாரம் வீட்டில் யாரும் தோசை என்ற சொல்லையே எடுக்கவில்லை.

இவ்வளவு செய்தும் தட்டு வைத்தபடியே இருந்தது. "திமிர் பிடித்த பிராணி" என்றார் ஒருவர். "ராமர் தாகமென்று கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் சிறுநீர் கொடுத்ததாம். அந்தப் பரம்பரைதானே!" என்று கிராமத்துக் கதையை இழுத்தார் இன்னொருவர். நம் ஊர்ப் பிள்ளைகள் ஓணானைக் கண்டால் கல்லெடுப்பதற்கு அந்தக் கதையையே நியாயமாகச் சொல்வார்கள். பழி சுமத்தக் கதை தேடுவது மனித இயல்பு போலும். நானும் சும்மா இருக்கவில்லை. ஆகாய விமானத்தின் மேல் பழி போட்டேன். 1939 முதல் இங்கே விமானத் தளம் இருக்கிறது. இப்போது சுகோய் போர் விமானங்கள் எழும்பினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அந்தச் சத்தத்தில்தான் பசி போய்விட்டது என்று வாதித்தேன். சத்தம் ஐப்பசியிலும் இருந்தது, அப்போது தாத்தா நன்றாகச் சாப்பிட்டார் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்களில் இளையவர். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவர். ஒருநாள் விடியற்காலையில் பெட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்குக் குளிருதோ என்னவோ?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. புனேயின் மார்கழி இரவில் வெப்பம் பத்து டிகிரி வரை இறங்குவதுண்டு. நாங்கள் கம்பளிக்குள் சுருண்டுகொண்டோம். தாத்தாவுக்கு இருந்தது பழைய விளக்கு ஒன்றுதான். கடன் வாங்கிய வெப்பமானியைக் கல்லின் மேல் வைத்தேன். 27 டிகிரி காட்டியது. அங்கே இருக்கவேண்டியது சுமார் 40 டிகிரி!

மறுநாளே வேற்றுநாட்டுப் பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடிப்பிடித்தோம். தராசில் 352 கிராம். கீழ்த்தாடையை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். எலும்பு மிருதுவாகத் தொடங்கிவிட்டதாம். "இது அடம் பிடிக்கவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது" என்றார் அவர்.

அவர் விளக்கியதையும் பின்னர் நான் படித்ததையும் சுருக்கிச் சொல்கிறேன். நம் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஊர்வனவற்றுக்கு அந்த வசதி இல்லை. வெயிலிலிருந்து கடன் வாங்கியே பிழைக்கின்றன. தாடி ஓணானின் தாயகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். அங்கே மரக்கட்டையிலோ பாறையிலோ ஏறி உடலைச் சூடேற்றிக்கொண்ட பிறகே அது இரை தேடும். பெட்டியிலும் அதுபோல ஒரு மூலை 38 முதல் 42 டிகிரி வரை சூடாகவும், எதிர் மூலை 25 டிகிரியை ஒட்டிக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். வேண்டியபோது அங்கும் இங்கும் நகர்ந்து அது தன் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். உடம்பு குளிர்ந்திருக்கையில் உணவு செரிக்காது. விழுங்கிய புழு வயிற்றிலேயே அழுகும். ஆகவே குளிரில் உண்ண மறுப்பது அதன் அறிவு. அதன் பசி வாயில் இல்லை, வெயிலில் இருக்கிறது. முட்டையில் இருக்கும்போதே இந்த உறவு தொடங்கிவிடுகிறது. அதிக வெப்பத்தில் அடைபட்ட முட்டைகளில், ஆணாகப் பிறக்கவேண்டிய குஞ்சுகள் பெண்ணாகிவிடுவதை 2007-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினார்கள். 2015-இல் காட்டிலும் அத்தகைய பெண் ஓணான்களைக் கண்டார்கள்.

சூடு ஒரு பாதி, ஒளி மறுபாதி. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். அது இருந்தால்தான் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேரும். சேராவிட்டால் உடம்பு தன் எலும்பையே கரைத்துச் செலவு செய்யும். தாடை குழையும், கால் வளையும். இதற்கென்று தனி விளக்கு உண்டு. அது கண்ணுக்கு எரிவதுபோலவே இருக்கும். ஆனால் ஓராண்டுக்குள் அதன் கதிர் வீரியம் இழந்துவிடும். தாத்தாவின் விளக்கு எந்தக் காலத்தது என்று எங்களுக்கு முன்பிருந்தவருக்கே தெரியாது. "ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே, டாக்டர்?" என்று நான் கேட்டேன். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுமாம். வெயில் தெரிகிறது, பயன் இல்லை! கண்ணாடிப் பெட்டியையே நேர் வெயிலில் வைத்தாலோ, உள்ளே இருப்பது வெந்துபோகும்.

சாப்பாட்டு விஷயத்திலும் எங்கள் அறியாமை அளவற்றது. குட்டிப் பருவத்தில் பெரும்பாலும் பூச்சியைத் தின்னும் இந்த ஓணான், வளர்ந்த பின் பெரும்பாலும் இலை தின்னும். பாலக்கில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அதைத் தினமும் போடக்கூடாது. கடுகுக் கீரை நல்லது. பரங்கித் துருவலும் செம்பருத்திப் பூவும் போடலாம். பூச்சியின் பருமன் ஓணானின் இரு கண்களுக்கிடையே உள்ள அகலத்தைத் தாண்டக்கூடாது. பூச்சிக்கு முதல் நாளே நல்ல தீனி போட வேண்டும். கொடுக்கும்போது சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்ட வேண்டும். தின்னாமல் விட்ட பூச்சியை இரவில் பெட்டியில் விடலாகாது. அது ஓணானையே கடிக்கும். வெளியில் பிடித்த பூச்சி கூடவே கூடாது. மருந்தடித்த வயலிலிருந்து வந்திருக்கலாம். மழைக்கு முன்னால் பீமாசங்கர் பக்கம் மின்மினி பார்க்கப் போகும் நண்பர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். மின்மினியின் உடலில் இருதயத்தை நிறுத்தும் நஞ்சு உண்டு. அமெரிக்காவில் மின்மினியைத் தின்று தாடி ஓணான்கள் மாண்டதை 1999-இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஒன்றே போதுமாம்.

புது விளக்குகள் வந்தன. அந்த மாதம் எங்கள் மெஸ் பணத்தில் பாதி மின்சாரக் கட்டணத்துக்குப் போயிற்று. பதினோராம் நாள் காலையில் கல்லிலிருந்து இறங்கிய தாத்தா, தட்டிலிருந்த செம்பருத்தி இதழை நாவால் தொட்டு, யோசித்து, விழுங்கினார். நான்கு தடியன்கள் கைதட்டியதில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். இப்போது தாத்தாவின் எடை 395 கிராம். தாடையில் ஒரு கோணல் மட்டும் நின்றுவிட்டது. அது ஆயுளுக்கும் போகாது. அவர் தலை திருப்பும்போதெல்லாம் அந்தக் கோணல் என்னைப் பார்க்கிறது.

இனி, அன்று கண்ணாடியில் கை வைத்த தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் அந்த மாதங்களில் சரியாகச் சாப்பிடவில்லை. சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்து வைப்பார். ஆம்டியில் வெல்லம் இருக்கிறதென்று ஒதுக்குவார். "தஞ்சாவூர் நாக்கு, நீளம் அதிகம்" என்று நாங்கள் கேலி செய்தோம். ஒருநாள் மெஸ் காகா அவருக்காகச் சோறும் மிளகு ரசமும் வைத்துக் கொடுத்தார். அதையும் அவர் தொடவில்லை. அப்போதும் 'அடம்' என்றே சொன்னோம். தாத்தாவின் கதை முடிந்த பிறகே எனக்கு அவரைக் கேட்கத் தோன்றியது. மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்டேன். கணக்கில் இரண்டு தேர்வு போய்விட்டது. வகுப்பில் பேசும் இந்தியும் மராத்தியும் பிடிபடவில்லை. வீட்டில் சொல்லப் பயம். மூன்று மாதமாக இதைச் சுமந்துகொண்டு எங்களோடு ஒரே அறையில் இருந்திருக்கிறார். நாங்கள் அவருடைய நாக்கை ஆராய்ந்துகொண்டிருந்தோம்! அவருக்குக் குளிர்ந்தது வேறு இடத்தில். அதனால்தான் தாத்தாவின் குளிர் எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். இப்போது மாலையில் ஒரு மணி நேரம் கணக்குப் போடுகிறோம். ஆம்டியை இன்னமும் ஒதுக்குகிறார். சோறு இரண்டாம் முறை கேட்கிறார்.

"அப்படியானால் எல்லோரும் ஓணான் வளர்த்து ஞானம் பெறலாமா?" என்று யாரேனும் கேட்கலாம். வேண்டாம், வேண்டவே வேண்டாம். இந்த உயிர் பத்து ஆண்டு வரை வாழும். நம் படிப்போ நான்கு ஆண்டு. ஆண்டுதோறும் கைமாறும் பொருளாக ஓர் உயிரை ஆக்குவது நியாயமா? மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் அதற்கு மூச்சு நோய் வரும். மின்சாரம் போனால் உடம்பு குளிரும். தீபாவளிக்கு நாம் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? ஆஸ்திரேலியா 1960-களிலிருந்தே தன் காட்டுயிர்களை வியாபாரத்துக்கு வெளியே அனுப்புவதைத் தடுத்து வைத்திருக்கிறது. ஆகையால் நம் ஊர்க் கடைகளுக்கு வருபவை பெட்டிக்குள்ளேயே பிறந்த பரம்பரைகள். வெயிலை ஒருநாளும் காணாத குஞ்சை வாங்கி, அதற்கு வெயிலும் கொடுக்காமல், சாப்பிடவில்லை என்று ஏசுவது என்ன நீதி?

நம் நாட்டு உடும்பையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சர்வதேச ஒப்பந்தப் பட்டியலிலுள்ள அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்யவேண்டுமென்று 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அதற்கான விதிகள் 2024-இல் வந்தன. கையில் எந்தப் பிராணி இருந்தாலும் வனத்துறையில் கேட்டுத் தெரிந்துகொள்வது கடமை. சலித்துப்போனால் திறந்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். அது இங்கே பிழைத்தால் இந்த மண்ணுக்குக் கேடு. பிழைக்காவிட்டால் அந்த உயிருக்குக் கேடு.

தாடி ஓணான் பார்க்கும் ஆசை இருந்தால், கோடையில் சதாராவுக்கு அருகே சால்கேவாடிப் பீடபூமிக்குப் போய் வாருங்கள். அங்கே விசிறிக் கழுத்து ஓணான் இருக்கிறது. ஆண் ஓணான் கல்லின் மேல் ஏறி, நீலமும் கறுப்பும் செம்மஞ்சளுமாகக் கழுத்தை விசிறிபோல் விரித்துக் காட்டும். 2016-இல் அதற்கு 'சரடா' என்று இனப்பெயர் சூட்டினார்கள். மராத்தியில் ஓணானுக்குள்ள பெயரே அது. அங்குள்ள காற்றாலைகளால் பருந்துகள் குறைந்து ஓணான்கள் பெருகின என்று 2018-இல் ஓர் ஆய்வும் வந்தது. விளக்கு வேண்டாம், புழு டப்பா வேண்டாம். பார்த்துவிட்டு வந்தால் போதும்.

நம் சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள். படிப்பு முடித்துப் போகிறவர் தம் பிராணியைத் தக்க கையில் ஒப்படைத்து, விளக்கு வாங்கிய தேதி முதல் மருத்துவர் முகவரி வரை எழுதிக் கொடுக்காமல் போகக்கூடாது என்று ஒரு வழக்கம் ஏற்படுத்துவோம். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரோடும் மூத்த மாணவர் ஒருவர் வாரம் ஒருமுறையாவது ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அறிவுரை வேண்டாம், அவர் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் போதும்.

தமிழன் எங்கே போனாலும் முதலில் கேட்கும் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" என்பது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் என் தாயார் கேட்பதும் அதுவே. நல்ல கேள்விதான். "இல்லை" என்று பதில் வந்தால் நாம் அங்கேயே கோபித்துக்கொண்டு நின்றுவிடுகிறோம். அதற்கு அடுத்த கேள்வியைக் கற்றுக்கொடுத்தது எங்கள் தஞ்சாவூர்த் தம்பி. இப்போது தினமும் விடியற்காலையில் எழுந்ததும், தட்டைப் பார்ப்பதற்கு முன்னால், பெட்டிக் கண்ணாடியில் கை வைத்துப் பார்க்கிறேன்.